தண்ணீர் கொடுக்காதவள்

அம்மா நீட்டிய சொம்பின் வாயை உள்ளங்கையால் மூடிய அந்தக் கையை இன்று எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். சுத்தமான கை. நகம் ஒட்ட வெட்டியிருக்கும், கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருக்கும். நகரியில் எங்கள் நெசவாளர் தெருவுக்கு வந்துபோகும் நர்சம்மாவின் கை அது. அந்த வருஷம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காலரா. குழாயில் தண்ணீர் மேலே ஏறாது என்பதால் எல்லாரும் வாசலில் பள்ளம் தோண்டி, குழாயை வெட்டித் தாழ்த்தி, பள்ளத்துக்குள் குடத்தை இறக்கித்தான் பிடிப்பார்கள். மழையில் சாக்கடை வழிந்து அந்தப் பள்ளங்கள் நிரம்பின. நாங்கள் மொண்டு கொட்டிவிட்டு அதே பள்ளத்தில் மறுபடியும் குடத்தை இறக்கினோம்.

காலையில் தறியில் உட்கார்ந்த நைனா, என் அப்பா, வெயில் ஏறுவதற்குள் பாயில் கிடந்தார். கஞ்சித் தண்ணீர் போலப் போய்க்கொண்டே இருந்தது. கண் குழிக்குள் போய்விட்டது, விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது. 'தண்ணி' என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அம்மா சொம்போடு குனிந்தபோதுதான் நர்சம்மா அதை மூடினார். "நீள்ளு இவ்வொத்து" என்று தெலுங்கில் அதட்டினார். பிறகு தமிழிலும் சொன்னார்: "தண்ணி குடுக்காத. குடுத்தா இன்னும் போவும். கொடலு காயணும், அப்பதான் நிக்கும்."

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அவர் கொடுத்த உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை அம்மா பார்த்திருந்தாள். "அதயாவது கரைச்சி ஊத்தட்டுமா நர்சம்மா?" என்று கெஞ்சினாள். "அது சின்னப் பசங்களுக்கு. பெரியவங்களுக்குச் சேராது. ஜீப்பு வந்துக்கினு கீது, ஆஸ்பத்திரில பாட்டில் ஏத்துவாங்க." ஜீப்பு வருவதற்குள் நைனா போய்விட்டார். நர்சம்மாவின் பை நிறைய அந்தப் பொட்டலங்கள்தான் இருந்தன.

இன்று திருப்பதியில் சுகாதார ஊழியர்களுக்கு வகுப்பெடுப்பது என் வேலை. காலராவில் உடம்பின் தண்ணீரும் உப்பும் வடிந்து போகிற வறட்சிதான் ஆளைக் கொல்கிறது, குழந்தையோ கிழவரோ, போகப் போக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், பாட்டில் ஏற்ற ஆள் வருகிறவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று தொண்டை வற்றச் சொல்கிறேன். அந்தப் பொட்டலம் குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இன்றும் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைத் திட்டுவேன், திருத்துவேன், ஆனால் வெறுத்ததில்லை. தெரியாமல் செய்த அந்த ஒன்றை மட்டும் நர்சம்மாவின் கணக்கிலிருந்தும் கழித்துவிட நான் தயார். நான் கறுவிக்கொண்டு வளர்ந்தது அதற்காக அல்ல.

நைனாவின் காரியம் முடிந்த பிறகு சித்தூரிலிருந்து பெரிய டாக்டர் வந்து எங்கள் வாசலில் நின்றார். "ஏம்மா, ஒரு வாய் தண்ணிகூடவா குடுக்கல?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நர்சம்மா முந்திக்கொண்டார். "நான் தலப்பாடா அடிச்சிக்கினேன் சார். பொட்டலத்தக் கையில வெச்சிக்கினு கெஞ்சினேன். குடுத்தா இன்னும் போவும்னு இந்தம்மாதான் பிடிவாதம் புடிச்சாங்க." தெருவே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. தாலி இறங்கிய கழுத்தோடு அம்மா நர்சம்மாவின் முகத்தையே பார்த்தாள். டாக்டர் எல்லார் முன்னாலும் அம்மாவைத் திட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர் தண்ணீர் கொடுக்காதவள். நைனாவின் தம்பி எங்கள் வீட்டுப் படி ஏறுவதை விட்டார். சாவு வீடோ கல்யாண வீடோ, அம்மா குடத்தைத் தூக்கினால் யாராவது பாய்ந்து வந்து வாங்கிக்கொள்வார்கள். "நான் கேட்டனே, அவதான் வேணாம்னா" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அரசாங்க நர்சு பொய் சொல்வாளா என்று சிரித்தார்கள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். பவர்லூமில் கூலிக்குப் போய் என்னைப் படிக்கவைத்தாள்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது, அனுபவம் சொல்ல ஒரு சூப்பர்வைசரை அழைத்து வந்தார்கள். கை உயர்ந்ததும் உள்பக்கக் கடிகாரம் தெரிந்தது. கதை சொல்வதில் கெட்டிக்காரி. "நகரியில ஒருத்தி, புருஷன் தண்ணி தண்ணின்னு துடிக்கிறான், குடுக்காமலே சாவடிச்சா" என்று தெலுங்கில் ஆரம்பித்து, அம்மாவின் பெயரையும் தெருவின் பெயரையும் சொல்லி முடித்தார். என் பக்கத்தில் இருந்தவள் உச்சுக் கொட்டினாள். போகிற ஊரிலெல்லாம், கூட்டத்துக்குக் கூட்டம், அவர் சொல்லும் கதை அதுதானாம். என் அம்மாவை வைத்தே அவர் நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருந்தார். இருடி, உனக்கு ஒருநாள் இருக்கிறது என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்தே நினைத்துக்கொண்டேன்.

அந்த நாள் வரப் பல வருஷம் ஆனது. ஓய்வுபெறும் முன் ஒரு மறுபயிற்சிக்கு அவர் என் வகுப்புக்கே வந்தார். வருகிறவர்கள் பட்டியலில் அவர் பெயரைப் பார்த்ததும் அம்மாவை நகரியிலிருந்து வரவழைத்துக் கடைசி வரிசையில் உட்காரவைத்தேன். "மேடம், உங்கள் நகரிக் கதையைச் சொல்லுங்கள், புதியவர்கள் கேட்கட்டும்" என்றேன். சந்தோஷமாக எழுந்து வந்தார். ஒரு சொல் மாறாமல் சொன்னார். கைதட்டினார்கள்.

அம்மா எழுந்து நின்றாள். "பொட்டலத்தக் கரைச்சி ஊத்தட்டுமான்னு அந்தப் பொம்பள கேட்டாளா, இல்லியா?"

"நீங்க யாரு?"

"நாந்தான் அவ."

கடிகாரக் கை மேசையைப் பிடித்துக்கொண்டது. "அப்போ எங்களுக்கு அப்பிடித்தாம்மா சொல்லிக்குடுத்தாங்க" என்றார்.

"தெரியாம சொன்னத நான் கேக்கல. நீ சொன்னத நான் சொன்னேன்னு ஏன் சொன்ன?"

"வேல போயிடும்னு பயந்துட்டேன்" என்றார். அறை முழுக்கக் கேட்டது. புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனார். யாரும் பின்னால் போகவில்லை.

வயதானவரை இப்படி அவமானப்படுத்தலாமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். மனசு உறுத்தவில்லையா என்றாள் ஒரு தோழி. இல்லை. அவர் அழுதபடி படி இறங்கியதை ஜன்னலில் நின்று கடைசிவரை பார்த்தேன். வயிறு குளிர்ந்தது.

அன்று அம்மாவை ஊரில் விடப் பஸ்ஸில் கூடவே போனேன். பழி தீர்ந்தது, அம்மாவுக்கும் ஆறியிருக்கும் என்று நினைத்திருந்தேன். "இனிமே இந்தக் கதய நீதான சொல்லுவ?" என்றாள்.

"ஆமாம்மா. நடந்தத நடந்தபடி சொல்லுவேன்."

"அவ பேரச் சொல்லுவியா?"

"ஒரு நர்சம்மான்னு சொன்னாப் போதும்மா. ரிட்டயர் ஆவப் போறாங்க, ஆபீஸ்லயும் பேச்சு வரும்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புத்தூர் தாண்டியதும் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அவ என் பேரச் சொன்னா இல்ல?"

"சொன்னா."

"அப்ப நீயும் சொல்லு."

அச்சில் வருவதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. வகுப்பில் சொல்கிறேன், இப்போது அவர் குடியிருக்கும் தெருவையும் சேர்த்து.