பாதி இழை தள்ளி

தவறுக்கு நன்றி சொல்லலாமா? சொன்னால் யாரிடம் சொல்வது? உலை அக்காவின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்திருக்காது.

ஆய்வுக்கூடத்துச் சுடும் உலையை விட்டு நகரமாட்டாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். கரியமில வாயுவை எரிவாயுவாக மாற்றும் வினையூக்கி செய்வது அவள் வேலை. களிமண் போன்ற பசையை முப்பரிமாண அச்சு இயந்திரம் இழை இழையாகப் பிதுக்கி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கும். அந்தக் கட்டியைச் சுட்டு, நிக்கல் கரைசலில் ஊறவைத்து, குழாய்க்குள் செருகி வாயுவைச் செலுத்துவார்கள். வருஷக்கணக்காக அவளுடைய கட்டிகள் வழக்கமாகக் குழாயில் நிரப்பும் சாதாரண வினையூக்கி உருண்டைகளிடம் தோற்றுக்கொண்டிருந்தன. இந்த முறையும் தோற்றால் அறையை மூடிவிடுவதாக இயக்குநர் சொல்லியாயிற்று.

இயந்திரத்தை ஓட்டியது அவள் நாத்தனார், கணவனின் தங்கை. பசையெல்லாம் தீர்ந்து, கடைசிக் கட்டி உலையிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அவள் தன் தவறைக் கவனித்தாள்.

"அண்ணி, திட்டக் கூடாது."

"திட்டுற மாதிரி என்ன பண்ணி வச்சிருக்கே?"

"போன வாரம் வீட்டு விளக்குக்கு ஒரு மூடி அச்சடிச்சேன்ல? அந்த அமைப்பை மாத்த மறந்துட்டேன். இழையெல்லாம் நேரா உக்காராம பாதி பாதி தள்ளி உக்காந்திருக்கு."

அக்கா கட்டியை வெளிச்சத்தில் பிடித்தாள். ஓட்டை வழியே மறுபக்கம் தெரியவில்லை.

"சரி, விளக்கு மூடியையே சோதிப்போம். உங்க அண்ணன்கிட்ட மட்டும் மூச்சு விடாதே. ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு."

நேர்வழி அடைபட்டதால் வாயு முட்டி மோதி, வளைந்து நெளிந்து, நிக்கலைத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. சோதித்த அன்று மாலைக்குள் உருண்டைகள் தந்ததைவிட அதிக எரிவாயு. பெரிய கண்டுபிடிப்பு என்று இதைச் சொல்லிவிட முடியாது. இப்படி அடுக்கலாம் என்பது வேறு இடங்களில் தெரிந்ததுதான், அவளுக்குத்தான் தோன்றியிருக்கவில்லை. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"விளக்கு மூடி காப்பாத்திருச்சு சார்" என்று இயக்குநரிடமே சொன்னாள். பிறகு நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இரு" என்றாள்.

"அப்போ வீட்டுக்கு வேண்டியதெல்லாம் இங்கேயே அச்சடிச்சுக்கவா அண்ணி?"

"உதை வாங்குவே."

அறை பிழைத்தது. அதன் தலைமைப் பொறுப்பை இயக்குநர் அக்காவிடம் நீட்டினார். அவள் மனமார நன்றி சொன்னாள். அந்தப் பொறுப்பை நாத்தனாருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த கட்டிடத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் குழுவில் புது ஆளாகப் போய்ச் சேர்ந்தாள். ஏனென்று கணவன் கேட்டான். நாத்தனார் அழுதுகொண்டே கேட்டாள். கடைசிவரை அவள் சொல்லவில்லை; நேர்வழி அடைபட்ட அந்தக் கட்டியில் ஒன்றை மட்டும் புது மேசையில் வைத்துக்கொண்டாள்.