இடது கன்னம்

கைப்பேசியில் எடுத்த படம் கேமராப் படத்துக்கு ஈடாகுமா என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், முன்பெல்லாம் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். செங் என்ற ஊரில் தொழிற்சாலை வேலையில் இருந்தபோது ஓவர்டைம் செய்து வாங்கிய கேமரா என்னுடையது. பெரிய லென்ஸ், கழுத்தை இழுக்கும் கனம். காரில் வெளியே கிளம்பும்போதெல்லாம் என் மகள் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

“அம்மா, அப்பா அம்மிக்கல்ல கழுத்துல மாட்டிட்டாரு. காடிய எடுக்கலாம்லா!”

அவளுக்கு எல்லாம் கைப்பேசிதான். பாச்சாங்கில் ஓர் ஆபீஸில் வேலை. பசியாறப் போனாலும் படம், கோயிலுக்குப் போனாலும் படம். ஒருநாள் அவளுக்கும் எனக்கும் வாய்ச்சண்டை முற்றி, பார்த்துவிடலாம் என்று கோலா சுங்கை பாரு கடற்கரைக்குக் குடும்பத்தோடு போனோம். ஒரே இடத்தில் நின்று இரண்டு பேரும் எடுக்க வேண்டும், வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அதுதான் பந்தயம்.

சும்மா சொல்லக் கூடாது, இருட்டு கவிகிற நேரத்துப் படங்களில் அவள்தான் ஜெயித்தாள். நான் கேமராவை முக்காலியில் நிறுத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்த வானம் கறுப்பாகக் கிடந்தது. அவள் ஒற்றைக் கையால் எடுத்ததில் படகுகள், வலை, தூரத்து மேகம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் மீன் பொறுக்க வந்த பருந்தை எடுத்ததில் என் கேமராவை அடித்துக்கொள்ள முடியவில்லை. என் படத்தில் இறகு ஒவ்வொன்றாக எண்ணலாம், அவள் படத்தில் ஏதோ கொசு பறந்துகொண்டிருந்தது. அப்புறம் அவள் தன் அம்மாவை எடுத்த படத்தைப் பெரிதாக்கினேன். பின்னால் இருப்பதை மங்கலாக்குகிறேன் என்று அவளுடைய கைப்பேசி என் மனைவியின் காதையும் ஜிமிக்கியையும் பாதி கரைத்துவிட்டிருந்தது.

“பாரு, உங்கம்மா காத பாதி காணோம்” என்றேன்.

“அம்மாவுக்கு எப்பவும் பாதிதானே கேக்குது. சரியாத்தான்பா எடுத்திருக்கு” என்றாள். அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள் என் மனைவி. மூவரும் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது.

அதே பந்தயத்தில்தான் மகள் தன்னையே எடுத்துக்கொண்ட படத்தையும் பார்த்தேன். அவளுக்கு இடது கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே, புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பாக ஒரு மச்சம் உண்டு. பிறக்கும்போதே இருந்தது. தூக்கிவைத்துக் கொஞ்சும்போது நான் முதலில் முத்தம் கொடுப்பது அந்த இடத்தில்தான். கைப்பேசிப் படத்தில் அது இல்லை.

“மச்சம் எங்க?”

“அது தானா எடுத்துரும்பா.”

“தானா எடுக்க அது என்ன அழுக்கா? பொய் சொல்ற படம்லா இது!”

“எனக்குப் புடிச்ச பொய்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் அதை அதோடு விட்டுவிட்டேன்.

பிறகு பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. அவளேதான் தன் படத்தை அனுப்பியிருந்தாள், கைப்பேசிப் படம். வந்தவர்கள் வடையைத் தின்றார்கள், கோப்பியைக் குடித்தார்கள், அவள் இடது கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகும்போது பையனின் அம்மா வாசலில் நின்று, “படத்துல அது தெரியலையே” என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “கண்ணு இருக்குல்ல, நேர்ல பார்த்துட்டீங்கல்ல, கிளம்புங்க” என்று சொல்லிவிட்டேன். மகள் உள்ளே போய் எல்லாத் தட்டுகளையும் கழுவி அடுக்கினாள். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணப் பேச்சையும் எடுக்க விடவில்லை.

காய்ச்சல் என்றுதான் மருத்துவமனைக்குப் போனாள். தன் காலால் நடந்துபோய்க் காடியில் ஏறினாள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தோம். முப்பது வயதுப் பிள்ளை. அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

சாவு வீட்டில் வைக்க, அவள் தம்பியான என் மகன் அவசரத்துக்கு ஒரு படத்தை அச்சடித்துக்கொண்டு வந்திருந்தான். அன்றைக்கு நான் எதையும் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் நெருங்கியபோதுதான் கூடத்தில் மாட்டுவதற்குப் பெரிய படம் வேண்டும் என்ற பேச்சு வந்தது. மாலை போட்டு, விளக்கு ஏற்றி, படையல் வைத்து அதன் முன்னால்தான் கும்பிட வேண்டும். அதற்குப் பிறகு நாங்கள் இருக்கும்வரை அந்த முகம்தான் சுவரில் இருக்கும். மகன் கைப்பேசியை நீட்டினான்.

“இதுதான்பா. அக்காவுக்கு ரொம்பப் புடிச்ச படம்.”

படம் தெளிவாகத்தான் இருந்தது. முடி இழை இழையாகத் தெரிந்தது. ஆனால் கன்னம் முட்டை ஓடு மாதிரி இருந்தது. என் மகளுக்கு அக்கா தங்கை யாராவது இருந்திருந்தால் இப்படி இருந்திருப்பார்கள்.

“இது என் பொண்ணு இல்ல” என்றேன். “யாரோ ஒருத்திக்கு நான் மாலை போட மாட்டேன்.”

“அவ விரும்புனத மாட்டுவோங்க” என்றாள் என் மனைவி. “அந்த மச்சத்தால அவ பட்டது போதும். செத்தப்பறமும் அத எதுக்கு எல்லாருக்கும் காட்டணும்?”

“அவ பட்டது ஊர்க்காரன் கண்ணால! மச்சம் என்ன பண்ணுச்சு?” என்று கத்தினேன். அவள் மனம் உடைந்து கிடக்கிற நேரம், நான் கத்தியிருக்க வேண்டியதில்லை. ஆனால் என் சுபாவம் அப்படி. “எங்கிட்ட கேமராப் படம் கொட்டிக் கிடக்கு. ஒண்ணு எடுத்துத் தர்றேன்” என்று மடிக்கணினியைத் திறந்தேன்.

சின்ன வயது ஆல்பம் எப்போதோ வெள்ளத்தில் போய்விட்டது, மிச்சம் இருப்பதெல்லாம் அதில்தான். முதல் படம் தீபாவளி. அவள் இடது பக்கம் திரும்பிப் பூச்சட்டியைப் பார்க்கிறாளா, அல்லது யாரோ கூப்பிட்டார்களா, இடது கன்னம் தெரியவில்லை. அடுத்தது கோயில் திருவிழா. கூந்தலை இடது பக்கம் முன்னால் போட்டிருந்தாள். அடுத்தது தம்பியின் பட்டமளிப்பு. கன்னத்தில் கை. கடற்கரையில் எடுத்ததில் துப்பட்டா. ஸ்டைலாக நிற்கிறாள், பிள்ளைக்கு இயல்பாகவே படத்துக்கு நிற்க வருகிறது என்று அத்தனை நாளும் நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த படங்கள் அவை. பொத்தானை அழுத்த அழுத்த ஒரே வலது கன்னம் வந்துகொண்டிருந்தது. கண் இமை தெரிகிறது, மூக்குத்திக் கல்லில் என் உருவம்கூடத் தெரிகிறது, மச்சம் மட்டும் இல்லை.

“அக்காவுக்கு எந்தப் பக்கம் நிக்கணும்னு தெரியும்பா” என்றான் மகன் மெதுவாக.

எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, என் மனைவி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பேசிப் படமே போதும் என்றவள், “அடுத்தது... அடுத்தது...” என்று சொல்லத் தொடங்கினாள். கடைசிப் படமும் முடிந்தபோது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரைக்கும் அவளுக்கு மச்சம் வேண்டாமாக இருந்தது. எங்கேயுமே இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கும் அது வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் திடுக்கென்று நிமிர்ந்தாள். “ஐசி! ஐசிய எடுங்க! அவ பையத் தொலைச்சப்ப புது ஐசிக்கு நான்தானே கூடப் போனேன். நேரா உக்காரு, முடிய ஒதுக்குன்னு சொல்லி எடுத்தாங்க. மச்சம் பளிச்சுன்னு இருந்துச்சுன்னு வழியெல்லாம் புலம்பிட்டு வந்தாளே!”

இறப்புச் சான்றிதழ் எடுக்கப் போனபோது அவளுடைய அடையாள அட்டையை, அந்த ஐசியைக் கேட்டார்கள். இறந்தவர்கள் எல்லாருடையதையும் வாங்கிக்கொள்வார்கள், அதுதான் முறை. நான் சட்டைப்பையிலிருந்து எடுத்து, திருப்பிக்கூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். நகல் ஒன்று மருத்துவமனைக் காகிதங்களுக்கிடையில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துப் பார்த்தோம். மலிவான நகல், முகம் முழுவதும் ஒரே கறுப்பு. மூக்கு எது, கன்னம் எது என்றே தெரியவில்லை.

மறுநாள் காலையில் அந்த அரசாங்க அலுவலகத்துக்குக் கிளம்பினேன். “நானும் வர்றேன்” என்று என் மனைவி செருப்பைத் தேடினாள். “காரியம் முடியாம நீ வாசப்படி தாண்டக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லிருக்காங்கல்ல, இரு” என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கவுண்டரில் இருந்தவர் ஒரு மலாய்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். மச்சத்தைச் சொல்லும்போது நாக்கு புரளவில்லை, என் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். கார்டை அன்றைக்கே வெட்டிப் போட்டுவிட்டார்களாம். கணினியில் படம் இருக்கிறது, ஆனால் யாருக்கும் அச்சடித்துத் தர முடியாது, சட்டம் அப்படி என்றார். நான் எழுந்திருக்கவில்லை. சண்டை போடவும் தெம்பில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அலுவலகத்தில் குரலை உயர்த்தாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கணினித் திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார்.

என் மகள் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. முடியெல்லாம் காதுக்குப் பின்னால் இருந்தது. கண்ணுக்குக் கீழே அதே இடத்தில் அதே கறுப்பு. லென்ஸ் என்ன, எத்தனை மெகாபிக்சல் என்று யாருக்கு வேண்டும்? என் தங்கமே என்று வாய்விட்டு அழுதுவிட்டேன். கை தன்னால் சட்டைப்பையில் இருந்த கைப்பேசிக்குப் போனது. “பாக்சிக், வேண்டாம்” என்று மாமா முறை சொல்லித் தடுத்தார் அந்தப் பெண். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. திரையைத் திருப்பிக்கொண்டு, இன்னொரு முறை யாரும் இதைக் கேட்டு வரக் கூடாது, தன் வேலை போய்விடும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் இவ்வளவு செய்ததே பெரிது. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

காடியை நிறுத்துவதற்குள் என் மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள்.

“கெடச்சுதா?”

“குடுக்க முடியாதாம். ஆனா கம்ப்யூட்டர்ல காட்டுனாங்க. பார்த்தேன்.”

“இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க.”

அந்தப் பெண் சொன்னதைச் சொன்னேன். மறுபடி போக முடியாது என்பது அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. என்ன செய்வதென்று தெரியாமல் கையை நீட்டி, அவளுடைய இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே விரலை வைத்து, “இங்கதான், அப்படியே இருந்துச்சு” என்றேன்.

அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

“எங்க இருந்துச்சுன்னு பெத்தவளுக்குத் தெரியாதா?” என்றாள். “எனக்குப் பார்க்கணும்.”