அமுதா அக்காவின் பக்கம் இன்னும் திறந்திருக்கிறது

திங்கட்கிழமை காலை, செக்கிங் மேசையில் பனியன்களை விரித்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் வந்து சொன்னார்: "நம்ம அமுதா போயிட்டாங்களாம். ஊர்ல ஸ்டவ் வெடிச்சிருச்சாமுங்க." யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊரில் அக்கா வீட்டில் இருப்பது விறகடுப்பு என்பது, அவருடன் உட்கார்ந்து சாப்பிட்ட நம் எல்லோருக்கும் தெரியும்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். எட்டாம் வகுப்போடு நின்று வேலைக்கு வந்த புதிதில் நான் யாரிடமும் பேச மாட்டேன். "ஏ புள்ள, நூலோட சேத்து ஒன் நாக்கையும் வெட்டிட்டாகளா?" என்று கேட்டு என்னை முதலில் சிரிக்க வைத்தவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிரவுசிங் சென்டருக்கு என்னையும் அழைத்துப் போவார். நமக்கெல்லாம் ஆங்கிலத்தில் தட்டத் தெரியாது என்று கடைக்காரரே நட்புத் தளத்தில் பக்கம் திறந்து கொடுத்தார். மறந்துவிடக் கூடாதென்று எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு, நம் கம்பெனியின் பெயர். படத்துக்கு, செக்கிங் தோழிகளே, நீங்கள் ரோஜாப்பூ வைத்தீர்கள், குழந்தை வைத்தீர்கள், நடிகை வைத்தீர்கள். அக்கா தன் முகத்தையே வைத்தார், தலைமுடியில் ஒட்டிய பஞ்சோடு.

"வேண்டாங்க்கா. பூ வெச்சுக்கலாங்க."

"நான் என்ன பூவா? ஆளுடி. ஆளுன்னா மூஞ்சி இருக்கும்."

போன் நம்பர் கேட்ட இடத்தில் ஊரிலிருக்கும் அண்ணனின் நம்பரைச் சொன்னார். அக்காவிடம் செல்போன் இல்லை. மனப்பாடமாகத் தெரிந்தது அந்த எண் ஒன்றுதான்.

தீபாவளி போனஸ் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு, அவர் படத்துக்குக் கீழே, அவரே எழுதியதுபோல யாரோ எழுதியிருந்தார்கள்: "தனிமையில் பேச அழையுங்கள்." அக்கா அதை அழித்தார்.

"யாருன்னு கேக்க? எல்லார் கையிலயும் ஒரே சாவிதான இருக்கு."

அதற்குள் பக்கத்திலிருந்த நம்பரைப் பார்த்து அண்ணனுக்குப் போன்கள் போயிருந்தன. இரண்டொரு நாளில் அண்ணன் கம்பெனி கேட்டுக்கு வந்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. "அம்மாவுக்கு மேலுக்குச் சொகமில்ல" என்று மெதுவாக, மரியாதையாகச் சொன்னார். அக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார். "பொங்கலுக்குள்ள வந்துருவேன். எம் எடத்த யாருக்கும் குடுத்துராத புள்ள."

இறந்த செய்தி வந்த வாரம் அவருடைய பக்கத்தைத் திறந்தேன். முன்பின் தெரியாத ஆண்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் "ஏன் பதில் இல்லை?" என்று கேட்டிருந்தார். படத்தை எடுத்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு அது திரும்ப அங்கே இருந்தது.

கடைக்காரரிடம் சொன்னேன். "அத எதுக்கு கண்ணு அழிக்கற? அதப் பாக்கத்தான் நெறையப் பேர் வர்றாங்க" என்றார். பாஸ்வேர்டை மாற்ற எனக்குத் தெரியாது. அதற்கும் அவரிடம்தான் கேட்க வேண்டும். நம் எல்லோருடைய பக்கங்களுக்கும் அதே நிலைதான்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. சென்டரில் நம் முதுகுக்குப் பின்னால் தடுப்புத் திரைச்சீலை அசைந்தால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால் கடை முழுவதும் கேட்கும்படி, "யாருய்யா அது?" என்பார். உடனே காலடி விலகிப் போகும்.

நேற்று நானும் கேட்டேன், என்னால் முடிந்த அளவு உரக்க. காலடி விலகவில்லை.