அமோனியா ஊற்றியவர்

எண்பதுகளில், மலேசியாவின் ஈப்போவில் மருந்தைச் சுமக்கும் நுண்துகள்கள் செய்யும் ஆய்வுக்கூடத்தில் அவர் என் மேற்பார்வையாளர். மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு. நான் தொட்ட புட்டியைக் கைக்குட்டையால் துடைத்த பிறகுதான் எடுப்பார். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அவர் அப்படித் துடைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாலிமருக்கான திரவத்தைச் சொட்டுச் சொட்டாக நீரில் விட்டால், துகள்கள் தாமாகவே உருவாகி நீர் பால்போல வெளுக்கும். ஒரு மாலை, ரப்பர்ப் பால் உறையாதிருக்கத் தோட்டத்தில் அப்பா செய்வதுபோல, நானும் அதில் கொஞ்சம் அமோனியா ஊற்றிவைத்தேன். காலையில், அமோனியாவின் காரத்தன்மையில் துகள்களெல்லாம் கரைந்து, குடுவையில் வெறும் தண்ணீர் நின்றது.

காரணத்தைச் சொன்னதும், "உங்கப்பன் வாளின்னு நெனச்சியா?" என்றார் மேற்பார்வையாளர்.

"எங்கப்பா வாளியில பால் ஒருநாளும் கெட்டதில்ல, சார்."

அப்போது மேனேஜர் வந்து, குடுவையை முகர்ந்து, அமோனியா ஊற்றியது யார் என்று கேட்டார். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"நான்தான்" என்றார் மேற்பார்வையாளர்.

மேனேஜர் போனதும், "ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"தோட்டத்துப் புள்ளைய நம்பி வேலையக் குடுத்தேன்னு தெரிஞ்சா, என்னைப் பார்த்துதான் சிரிப்பாங்க லா."

வேலை தப்பியது. நான் செய்த தவறுகூட என் பெயரில் இருக்க அவர் விடவில்லை. நன்றி சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.