டேங்க் கழுவிய தண்ணீர்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு நீல ட்ரம் இருந்தது. திராட்சைக்கு மருந்து அடித்துவிட்டு வந்து முதுகில் மாட்டும் டேங்க்கையும் குழாயையும் அதில்தான் அலசுவேன். கொசுப்புழு பார்க்கப் பேரூராட்சியிலிருந்து வாராவாரம் ஒரு பெண் வரும். தொட்டி, குடம், சிரட்டை என்று எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்க்கும். ட்ரம் பக்கம் போனால் மட்டும் நான் மறிப்பேன்.

"அது மருந்து ட்ரம்மு தாயி. எமனே எட்டிப் பாத்தாலும் மயங்கி விழுந்துருவான். கொசு எம்மாத்திரம்?"

அது சிரித்துக்கொண்டே கதவு அட்டையில் தேதி போட்டுவிட்டுப் போகும். ஆளைச் சிரிக்க வைத்து அனுப்புவதில் எங்கள் ஊர் கோம்பையில் எனக்கு நல்ல பேர்.

ஐப்பசி மழையில் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். அவள் தைரியமாகத்தான் இருந்தாள். நான்தான் நட்டநடுப் பகலில் குல்லாயும் காலுறையும் மாட்டிக்கொண்டு, கொசு பேட்டும் கையுமாக வீட்டைச் சுற்றினேன். கொசுவர்த்தி மூன்று கொளுத்தினேன். ஒரு கொசு அதன் எரியாத நுனியிலேயே உட்கார்ந்து இளைப்பாறியது.

அப்போதுதான் அந்த மகா யோசனை. திராட்சையில் இலைப்பேனுக்கு அடிக்கிற மருந்தை வீட்டுக்குள் அடித்தால் என்ன? முன்பெல்லாம் டேங்க்குக்கு ஒரு மூடி ஊற்றினால் பேன் உதிரும். இப்போது மூன்று மூடிக்கும் அசைவதில்லை. ஆகவே நான்காக ஊற்றி, டேங்க்கை முதுகில் மாட்டி, அவள் கட்டிலைச் சுற்றி அடித்தேன்.

இருமிக்கொண்டே எழுந்து வாசலுக்குப் போனாள். "காய்ச்சலுக்குத் தப்பிச்சாலும் உங்களுக்குத் தப்ப மாட்டேன் போலருக்கு."

கொசுக்கள் சுவரை விட்டு நகரவில்லை.

சாயங்காலமே அவளுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது. தேனியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் நின்ற கோலத்தைப் பார்த்து, "யாருக்குங்க காய்ச்சல்?" என்று நர்ஸம்மா கேட்டார். ரத்தத்தில் தட்டணு நாளுக்கு நாள் இறங்கியது. நான்காம் நாள் டாக்டர் என்னிடம் பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அந்தப் பெண் வாசலில் நின்றது. இந்தத் தடவை நான் மறிக்கவில்லை. ட்ரம் மூடியைத் தூக்கி டார்ச் அடித்தது. குனிந்தேன். மருந்து நெடி மூக்கில் ஏறியது. அந்தத் தண்ணீரில் புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு கீழே போயின.

"இதுல எப்படித் தாயி உசுரோட இருக்கு?"

"உங்க தோட்டத்துப் பேன் எப்படிண்ணே இருக்கு? தாங்காதது செத்துருது. தாங்குனது முட்டை போடுது. அதோட பிள்ளைக எல்லாம் உங்க மருந்துக்குத் துணிஞ்சதுக." டார்ச்சை அணைத்துவிட்டு, "அண்ணி எப்படி இருக்காக?" என்று கேட்டது.

சிரிக்க வைக்க எனக்கு ஒன்றும் வரவில்லை. ட்ரம்மைக் காய்ந்த மண்ணில் கவிழ்த்தேன். பறந்து போனதை எங்கே போய்க் கவிழ்ப்பது?

என் மனைவி பிழைத்து வந்துவிட்டாள். கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது, ஒரு குடம் தூக்க முடியவில்லை. "எதுத்தாப்புல ஓடுற சாக்கடைதான் என்னையச் சாய்ச்சிருச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். பேரூராட்சிக்கு மனு எழுதச் சொன்னாள். ட்ரம்மைப் பற்றிச் சொல்லாமல் நான் எழுதினேன், கையெழுத்தும் போட்டேன்.

கூட ஒரு கையெழுத்து இருந்தால் நல்லது என்றாள். எதிர்வீட்டுக்காரரிடம் போனேன். அவர் மகள் உச்சி வெயிலில் போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தாள்.