காசிமாயனின் பித்தளை வில்லை

காலையில் முகம் கழுவும் முன்னால் வில்லையைக் கழுவுகிறார் காசிமாயன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வாயால் ஊதி, துண்டு நுனியால் துடைத்துக் கோட்டின் மார்பில் குத்திக்கொள்கிறார். பல்லுக்கு இத்தனை உபசாரம் கிடையாது. பித்தளையில் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை. கீழே நாற்பத்தேழு என்று நம்பர். "சர்க்கார் லைசென்சு வச்ச வீட்டுத் தரகன் மதுரையில நான் ஒருத்தன்தேன்" என்பார். மற்ற நாற்பத்தாறு பேர் எங்கே என்று இதுவரை எவரும் கேட்கவில்லை.

சிம்மக்கல் காப்பிக்கடை வாசல்தான் ஆபீஸ். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள் பஸ்ஸை விட்டு இறங்கினால் நடையிலேயே கண்டுபிடித்துவிடுவார். "மாப்ள, நம்ம பக்கமா?" என்று தோளில் கை விழும். எழுமலையில் பிறந்ததால் கூசாமல் உறவு கொண்டாடுவார். தெற்குப் பார்த்த வீட்டை உச்சி வெயிலில் காட்டிக் கிழக்கு என்று சாதிப்பார். ஒழுகும் வீட்டுக்கு ஐப்பசியில் பூட்டுச் சாவி தொலைந்துவிடும்.

போன வருஷம் ஒரு பண்ணையார், "உனக்கு லைசென்ஸ் இருக்கிறதா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். காசிமாயனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே முனிசிபல் ஆபீஸில் லைசென்ஸ் குமாஸ்தா ஹாலாஸ்யத்தின் மேஜை முன் போய் நின்றார்.

"வீட்டுத் தரகுக்கு லைசென்ஸெல்லாம் ஏதுய்யா? ஜட்கா ஓட்டறவனுக்குத்தான் உண்டு" என்றார் ஹாலாஸ்யம்.

"அப்ப அதையே குடுங்க, சாமி."

வாழ்நாளில் கடிவாளம் தொட்டறியாத மனிதர் ஒரு வாடகை ஜட்காவோடு பரீட்சைக்குப் போனார். அதிகாரி பின்னால் ஏறிக்கொண்டார். குதிரை பழகிய குதிரை. மாசி வீதிகளைத் தானாகவே சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்தில் வந்து நின்றது. நியாயப்படி வில்லையை அதன் கழுத்தில் கட்டியிருக்க வேண்டும். கொண்டுபோனவர் காசிமாயன். அன்றிலிருந்து, நின்றபடி பேசியவர் உட்கார்ந்து பேசுகிறார்.

போன வெள்ளிக்கிழமை எழுமலையிலிருந்து நல்லகாமனும் அவன் மனைவி சின்னத்தாயும் வந்தார்கள். இருந்த புஞ்சையை விற்றுவிட்டு, டவுனில் ஒரு வீடு வாங்கி முன்கட்டில் கடை வைக்க எண்ணம். மூன்று அண்ணன் தம்பிகள் கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருக்கிற ஒரு வீட்டைக் காட்டினார் காசிமாயன். வழக்கு அவருக்கு நன்றாகத் தெரியும். கொடுக்கிற அட்வான்ஸ் போனால் இந்த இரண்டு பேரும் நடுத்தெருவில் நிற்பார்கள் என்பதும் தெரியும். இப்படிப்பட்ட மனிதருக்கு ராத்திரி எப்படித்தான் தூக்கம் வருகிறதோ!

"வில்லங்கம் எதுவும் இல்லையேண்ணே?" என்று சின்னத்தாய் மறுபடியும் கேட்டாள்.

காசிமாயன் மார்பைத் தட்டினார். "நம்பர் போட்ட ஆளு நானு. வில்லங்கம்னா சர்க்கார் என் கழுத்தையில்ல பிடிக்கும்?"

நல்லகாமன் வில்லையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சின்னத்தாய் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து வாயைப் பிரித்தாள்.

அந்த வீட்டில் குடியிருக்கும் பள்ளிக்கூட வாத்தியாரம்மா தர்மாம்பாள், குடையும் பெட்டியுமாக அப்போதுதான் வெளியே வந்தாள். வில்லையைப் படித்தாள். முகம் மலர்ந்தது.

"நல்ல வேளை! ரயிலுக்கு நேரமாச்சு. குதிரையை எங்கே கட்டியிருக்கே?"

"எந்தக் குதிரைம்மா?" என்றாள் சின்னத்தாய்.

"அவன் வண்டிக் குதிரைதான். ஜட்கா டிரைவர்னு வில்லையிலே போட்டிருக்கே."

சின்னத்தாய் காசிமாயனைப் பார்த்தாள்.

"சர்க்கார் வில்லை எல்லாத் தொழிலுக்கும் ஒண்ணுதேன், ஆத்தா" என்றார் அவர்.

சின்னத்தாய் பையின் கயிற்றை இறுக்கி இடுப்பில் செருகினாள். தர்மாம்பாளின் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் காசிமாயனின் காலடியில் வைத்தாள். "டேசன் வரைக்கும் தூக்கிட்டுப் போங்கண்ணே. வண்டிதேன் இல்ல, ஆளு இருக்கீகல்ல?"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. காசிமாயன் குனிந்தார்; பெட்டியைத் தொடவில்லை. நல்லகாமனின் விரல் பட்டு வில்லை மங்கியிருந்தது. வாயால் ஊதி, துண்டு நுனியால் துடைத்து, நேராக நிமிர்த்திக் குத்திக்கொண்டார். பிறகுதான் பெட்டியைத் தலையில் ஏற்றினார்.