சத்தம் கேட்கும்படி சுவர் போட்டவர்

பாபு போய்விட்டார்.

இன்று காலை, சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் செல்வி போனில் அழுவது கேட்டது. "நம்ம போர்டு பாபு அண்ணனா? நேத்து கூட பேசுனாரே..." நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே...

இதைப் படிக்கும் பலருக்கு அவரைத் தெரியாது. கொருக்குப்பேட்டைக்காரர். ஜிப்சம் போர்டில் பார்ட்டிஷன், ஃபால்ஸ் சீலிங் செய்பவர். ராயபுரத்தில் என் வீட்டு நடுக்கூடத்தை இரண்டாகப் பிரிக்கும் சுவர் அவர் போட்டது.

என் கணவர் இறந்த பிறகு மகனுக்கு ஒரே பிடிவாதம். பாதி வீட்டை வாடகைக்கு விட்டுப் பக்கத்தில் ஆள் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பூட்டிவிட்டுப் பெங்களூருக்கு வர வேண்டும். என் தெருவை விட்டு லிஃப்ட் ஏறி இறங்கும் வாழ்க்கைக்கு நான் போவதாக இல்லை. சுவர் போடச் சொன்னேன்.

பாபு முதல் நாளே கேட்டார். "நடுவுல கிளாஸ் வுல் வெக்கணுமா மேடம்? வெச்சா அந்தாண்ட பேசுறது இந்தாண்ட கேக்காது."

"வைங்க. மத்தவங்க வீட்டுப் பேச்சு எனக்கு எதுக்கு?"

"இல்ல, ஒண்டியா கீறீங்களேன்னு..."

"அது உங்க கவலை இல்லை பாபு."

வைத்தார். இரும்புச் சட்டங்களுக்கு நடுவே மஞ்சள் பஞ்சை அடைத்து, இரண்டு பக்கமும் போர்டு வைத்து ஸ்க்ரூ முடுக்கினார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சண்டை. போர்டுகள் சேரும் இடத்தில் டேப் ஒட்டிப் பட்டி பூச வேண்டும். அது காய வேண்டும், தேய்க்க வேண்டும், மறுபடி பூச வேண்டும். எங்கள் கடல் காற்றில் எது காய்கிறது? தினமும் வந்து புறங்கையை வைத்துப் பார்ப்பார். "இன்னும் ஜில்லுன்னுதான் கீது மேடம்." டீ குடிப்பார், ஹார்பர் லாரிகளைத் திட்டுவார், போய்விடுவார்.

கடைசியில் காய்ந்து, தேய்த்தும் முடித்தார். நான் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். கான்வென்ட் தையல் வகுப்பில் சிஸ்டர்கள் பழக்கிய கண்.

"இங்க மேடு தெரியுது."

"பெயின்ட் அடிச்சா யாருக்கும் தெரியாது மேடம்."

"எனக்குத் தெரியும்."

"நீங்கோ ஜட்ஜுக்குப் படிச்சிருக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி தேய்த்தார். பட்டித் தூளில் புருவம், மீசை எல்லாம் வெள்ளை.

செல்வி குடும்பத்தைக் குடிவைத்ததும் அவர்தான். அவர் தெருப் பெண். கணவன், இரண்டு பிள்ளைகள். வந்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டார்கள்... அவ்வளவுதான். அந்தப் பக்கம் நான்கு பேர். என் பக்கம் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும். கூடம் பாதியானதும் அமைதி இரண்டு மடங்காகிவிட்டது.

சில மாதங்கள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு பாபுவுக்குப் போன் செய்தேன். "அந்தப் பஞ்சை எடுத்துடுங்க."

"இன்னா மேடம் நீங்கோ... எல்லாரும் சத்தம் கேக்குதுன்னு கூப்டுவாங்கோ. கேக்கலன்னு கூப்டுற மொத ஆளு நீங்கதான்."

"எடுப்பீங்களா, மாட்டீங்களா?"

செல்விக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்று அவளிடம் நானே சொன்னேன். "கேட்டா கேக்கட்டும்மா. நாங்க இன்னா ராக்கெட் ரகசியமா பேசுறோம்?" என்றாள்.

பாபு வந்தார். காரணம் கேட்கவில்லை. என் பக்கத்துப் போர்டைக் கழற்றிப் பஞ்சை உருவி எடுத்துவிட்டு மூடினார். திரும்பவும் டேப், பட்டி, காயாத காலைகள், டீ.

எல்லாம் முடிந்ததும் செல்வி வீட்டுக்குள் போய் நின்றுகொண்டு குரல் கொடுத்தார். "மேடம், கேக்குதா?"

"கேக்குது. கத்தாதீங்க."

"கத்தலயே. சும்மாதான் பேசினுகீறேன்."

அந்தப் பக்கம் செல்வியும் பிள்ளைகளும் சிரித்தது தெளிவாகக் கேட்டது.

இன்று மதியம் செல்வியோடு ஆட்டோவில் பாபு வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சத்தம் மேடம் நீங்கதானா?"

என்னை யாராவது அப்படிக் கூப்பிட்டால் எனக்குப் பிடிக்காது. "ஆமாம்" என்றேன்.

நகர்ந்து பாயில் இடம் விட்டார். என் முழங்காலுக்குத் தரையில் உட்கார்வது ஆகாது. உட்கார்ந்தேன்.

திரும்பும் வழியில் எங்கள் மாதா கோயில் ஆபீஸில் அவருக்காகப் பூசைக்குச் சொன்னேன். "இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்கள். பாபு எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர் இல்லை, எங்கள் மதமும் இல்லை.

"வீட்டு மனுஷர்" என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

நாளைக் காலைப் பூசையில் உங்கள் பெயரை வாசிப்பார்கள், பாபு. நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.